லோயர் கேம்ப் முதல் கேம்பர்லி வரை

மேகமலையின் மகாராஜாமெட்டில் பனி விலகும் நேரம் பார்த்து நின்றால், காலடியில் கம்பம் பள்ளத்தாக்கு தெரியும். நெல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல் என்று ஒரே பச்சை. மேகமலையில் பெய்யும் மழை மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு அணைகளில் தேங்கிச் சுருளியாறு மின்நிலையத்துக்கு இறங்குகிறது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைவதற்குக் காரணம் அந்தத் தண்ணீர் அல்ல. மேற்கே மலையைக் குடைந்து லோயர் கேம்ப் வழியாக வரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்.

அணை கட்டி அதைக் கிழக்கே திருப்பிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தேனி பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். லோயர் கேம்பில் 2013 முதல் மணிமண்டபம். பாலார்பட்டியில் ஆண்டுதோறும் ஜனவரி 15 அன்று அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். குழந்தைகளுக்கு அவர் பெயரை வைத்த வீடுகளும் உண்டு.

அவர் அடக்கமாகியிருப்பது லண்டனுக்குத் தென்மேற்கே, ஃப்ரிம்லி என்ற ஊரில். பக்கத்து ஊரான கேம்பர்லியில் 1911 மார்ச் 9-ஆம் தேதி இறந்தார். அங்கே 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு முன்னின்று அவருக்குச் சிலை திறந்தது.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு குரூப் டூரில் லண்டன் போகும் தேனிக்காரருக்கு இந்த இரண்டு ஊர்களும் டூர் பட்டியலில் கிடைக்காது. பிக் பென், லண்டன் ஐ, மெழுகுச் சிலைக் காட்சிக்கூடம், அரண்மனை வாசல் என்று பட்டியல் நிரம்பியிருக்கும். ஆனால், யாரும் கணக்கில் எடுக்காத அரை நாள் ஒன்று எல்லா டூரிலும் உண்டு. போய் இறங்கும் நாள்தான் அது.

சென்னையிலிருந்து நேரடி விமானம் பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கிறது. கோடையில் லண்டன் கடிகாரம் நம்முடையதைவிட நான்கரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஆக, விடியற்காலையில் ஏறினால் அங்கே நண்பகலில் இறங்கலாம். ஓட்டல்களில் அறை கிடைப்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று மணிக்குமேல். அதுவரை பெட்டிகளோடு வரவேற்பறையில் காத்திருப்பதுதான் பல குழுக்களின் முதல் லண்டன் அனுபவம். மே மாதக் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகும். வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை.

ஹீத்ரோ விமான நிலையம் இருப்பதும் லண்டனின் மேற்கு ஓரத்தில். கேம்பர்லி அங்கிருந்து சாலை வழியே முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. நகரத்துக்குள் போய் ஓட்டலில் படுத்து எழுந்து திரும்பி வருவதானால் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். இறங்கிய கையோடு போய்விட்டால் வேலை சுலபம்.

வழியிலேயே எகாம் என்ற ஊர் வருகிறது. அதையொட்டிய கூப்பர்ஸ் ஹில் குன்றில்தான் இந்தியப் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளர்களைத் தயாரித்த கல்லூரி 1871 முதல் 1906 வரை நடந்தது. 1895 அக்டோபரில் பெரியாற்று அணையைச் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் திறந்துவைத்த மறு ஆண்டு, பென்னிகுயிக் இந்தக் கல்லூரியின் தலைவரானார். குன்றின் அடிவாரத்தில் ரன்னிமீட் புல்வெளி. 1215-இல் ஜான் மன்னர் மாக்னா கார்ட்டாவுக்கு இசைந்த இடம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் குழுவுக்குப் பாடப்புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே நிற்கும்.

அடுத்தது கேம்பர்லியில் சிலை. அங்கிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் போனால் ஃப்ரிம்லியின் புனித பீட்டர் தேவாலயமும் கல்லறைத் தோட்டமும். அமெரிக்க எழுத்தாளர் பிரெட் ஹார்ட்டும் இதே தோட்டத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். வேனுக்கு வழியில்லாதவர்கள் லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் வரலாம். இரண்டு ஊரிலும் நிலையம் உண்டு. இடையில் வண்டி மாற வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் ஊரிலேயே செய்ய வேண்டிய ஏற்பாடுகள் சில உள்ளன. விமான நிலையத்துக்கு வரும் வண்டி கேம்பர்லி சுற்றி வருமா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே டூர்காரரிடம் பேசி எழுதி வாங்க வேண்டும். அங்கே ஓட்டுநரின் வேலை நேரத்துக்குச் சட்ட வரம்பு உண்டு. "அண்ணே, அப்படியே ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்" என்று இறங்கியபின் கேட்டால் நடக்காது. விசாவும் அப்படித்தான். பாரிஸ், சுவிட்சர்லாந்துக்கு எடுக்கும் ஷெங்கன் விசா லண்டனுக்குச் செல்லாது. பிரிட்டனுக்குத் தனி விசா. பத்து நாள் ஐரோப்பா என்று விற்கும் பல பேக்கேஜ்களில் லண்டனே இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடியேற்றச் சோதனையில் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் தானியங்கி வாயிலில் போக முடியாது. அதிகாரி முன்னால் வரிசைதான். ஆளுக்கொரு பக்கம் பிரியாமல், குழந்தைகளின் பாஸ்போர்ட், ஓட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்துக் குடும்பமாக நிற்பது நல்லது.

பெட்டியில் என்ன கொண்டுபோகலாம் என்பதும் முக்கியம். இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வீட்டிலேயே தின்றுவிட்டுக் கிளம்ப வேண்டும். திராட்சைக்குப் பயிர்நலச் சான்றிதழ் கேட்பார்கள். கம்பம் பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தாலும் சான்றிதழ் இல்லாமல் அது திரும்ப ஐரோப்பாவுக்குள் நுழைய முடியாது. மேகமலைத் தேயிலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. லண்டனில் இருக்கும் சொந்தக்காரருக்குத் தாராளமாகக் கொண்டுபோகலாம்.

பென்னிகுயிக்கின் பிறந்தநாளன்றே போக வேண்டும் என்று பொங்கல் விடுமுறையில் கிளம்புகிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. ஜனவரியில் அங்கே நாலேகாலுக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். நண்பகலில் இறங்கி, வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வருவதற்குள் பாதி வெளிச்சம் போயிருக்கும். அவர்கள் ஒருநாள் முன்னதாகவே போய் இறங்கி, பதினைந்தாம் தேதி காலையில் ஃப்ரிம்லிக்கு வண்டி பேசிக்கொள்வது உத்தமம்.