உரம் இடுமுன் மண்ணை விசாரியுங்கள்

வீட்டுக் கொல்லையில் நாலு கத்தரிச் செடி, ஒரு கறிவேப்பிலை, வேலியோரம் ஒரு முருங்கை என்று வைத்து வளர்க்காத அங்கத்தினர் நம்மில் மிகச் சிலரே. செடியின் இலை மஞ்சளித்தால் நாம் முதலில் செய்வது என்ன? கடைக்குச் சென்று யூரியா வாங்கி வந்து ஒரு பிடி தூவுகிறோம். பலன் காணாவிடில் இன்னொரு பிடி தூவுகிறோம்.

இதை எழுதுபவனும் அவ்வாறு செய்தவனே. சமையலறைச் சுவரை ஒட்டி நின்ற கறிவேப்பிலையின் இளந்தளிர்கள் மஞ்சளித்தன; நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. இரு முறை யூரியா இட்டேன். இலை ஓரங்கள் கருகின. மூன்றாம் மாதம் செடி பட்டுப்போயிற்று. வேரைத் தோண்டி எடுத்தபோதுதான் உண்மை புலப்பட்டது. ஓர் அடி ஆழத்தில் பழைய சுவரை இடித்த சுண்ணாம்புக் காரையும் செங்கல் தூளும் நிறைந்து கிடந்தன. செடிக்கு உணவு குறையவில்லை. உண்ண ஒட்டாமல் மண் தடுத்திருந்தது. பத்து நிமிஷச் சோதனை அச்செடியைக் காப்பாற்றியிருக்கும்.

நகரத்து மண்ணின் இயல்பு

புதுச்சேரி நகரம் கடற்கரை மணலின்மேல் அமைந்தது. வடமேற்கே கோரிமேடு, வடக்கே காலாப்பட்டு ஆகிய பகுதிகளில் இரும்புச் சத்தினால் சிவந்த செம்மண் காணப்படுகிறது. தெற்கே பாகூர் வயல்களில் களிப்பான வண்டல் மண். சில மைல் தூரத்திற்குள் மண் இவ்வாறு மாறுகையில், ஒருவர் தோட்டத்திற்கு உதவிய உரம் மற்றொருவர் தோட்டத்திற்கும் உதவும் என்று எண்ணலாகாது.

நகருக்குள் மேலும் இரண்டு தொல்லைகள் உண்டு. 1954ஆம் ஆண்டு வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்நகரின் பழைய வீடுகள் பலவும் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. இடித்த காரை பெரும்பாலும் கொல்லையிலேயே புதைகிறது. அடுத்தது, கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவது. நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல்நீர் உட்புகும்.

கையும் கண்ணாடிப் புட்டியும்

ஈர மண்ணில் ஒரு பிடி எடுத்து உருட்டுங்கள். உருண்டை நில்லாமல் உதிர்ந்தால் மணல். விரல்களுக்கிடையே அழுத்தும்போது நீண்ட நாடாவாக வழுவழுப்புடன் நீண்டால் களி. உருண்டை நின்று, மெல்லத் தட்டியதும் உடைந்தால் நடுத்தரமான நல்ல மண்.

இதனைக் கண்ணாரக் காண, அகன்ற வாயுள்ள புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் இட்டு, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் சேர்த்து நன்கு குலுக்கி வையுங்கள். ஒரு நிமிஷத்தில் மணல் அடியில் படியும். இரண்டு மணி நேரத்தில் வண்டல் அதன்மேல் படியும். களி படிய ஓரிரு நாள் ஆகும். மணலும் வண்டலும் ஏறக்குறைய சமமாகவும், களி ஐந்தில் ஒரு பங்காகவும் இருந்தால் காய்கறிக்கு உகந்தது. மணல் மிகுந்தால் மக்கிய எருவைத் தாராளமாகச் சேர்த்து, தண்ணீரைச் சிறுகச் சிறுகப் பலமுறை விடுங்கள். களி மிகுந்தால் எருவுடன் மேட்டுப்பாத்தி அமையுங்கள்.

நீர் வடிகிறதா?

ஓர் அடி நீள அகல ஆழமுள்ள குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வற்றியதும் மறுபடி நிரப்பி, மட்டம் இறங்குவதை அளவுகோலால் பாருங்கள். மணிக்கு ஒன்று முதல் மூன்று அங்குலம் இறங்கினால் நன்று. அரை அங்குலமும் இறங்காவிடில் வேர் மூச்சு முட்டி அழுகும். நாலு அங்குலத்திற்கு மேல் இறங்கினால் நீரோடு உரமும் அடியில் சென்று வீணாகும்.

சுண்ணாம்பும் புளிப்பும்

உலர்ந்த மண்ணின்மேல் சிறிது வினிகரையோ எலுமிச்சம்பழச் சாற்றையோ விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு உண்டு. சுவரோர மண்ணையும் நடுத்தோட்ட மண்ணையும் தனித்தனியே சோதித்தால் வேற்றுமை தெரியும்.

அடுத்த சோதனை நெசவாளருக்குப் புதிதன்று. புதுவையின் நீலத்துணி முற்காலத்தில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றது. அவுரிச் சாயத் தொட்டியில் சுண்ணாம்பு கூடினாலும் குறைந்தாலும் சாயம் பிடிக்காது என்பதைச் சாயக்காரர் அறிவர். மண்ணும் அத்தகையதே. அதன் புளிப்பையும் காரத்தையும் சங்குப்பூ ஓரளவு காட்டும். பத்து நீலச் சங்குப்பூக்களை வெந்நீரில் ஊறவிட்டு வடிகட்டுங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு மழைநீர் சேர்த்துக் கலக்கித் தெளிய விடுங்கள். வெள்ளைக் கிண்ணங்கள் நான்கில் முறையே தெளிந்த மண்நீர், வெறும் மழைநீர், எலுமிச்சைச் சாறு கலந்த நீர், சுண்ணாம்பு தெளிந்த நீர் ஆகியவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் சில துளி பூச்சாறு விடுங்கள். புளிப்பில் நீலம் ஊதாவாகிச் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். மண்நீர் எதனை ஒத்திருக்கிறதென்று பாருங்கள். இச்சோதனை பெரிய வேற்றுமையை மட்டுமே காட்டும். நுட்பமாக அறிய, கடைகளில் விற்கும் பி.எச். தாளை வாங்கி, அதே மண்நீரில் நனைத்துப் பாருங்கள்.

பி.எச். என்னும் அளவு 1909ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்ற விஞ்ஞானி வகுத்தது. ஏழு என்பது நடுநிலை. ஆறு முதல் ஏழரை வரை பெரும்பாலான காய்கறிகளுக்கு உகந்தது. எட்டைத் தாண்டினால், மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டாது. கறிவேப்பிலை மஞ்சளித்த காரணம் இதுவே.

உப்பு

மண்ணின் மேற்பரப்பு உலரும்போது வெண்மை பூத்தால் உப்பை ஐயுறுங்கள். சந்தேக மண்ணில் பத்துப் பயறும், நன்றாக மக்கிய எரு கலந்த நல்ல மண்ணில் பத்துப் பயறும் ஊன்றி, இரண்டிற்கும் மழைநீரே விட்டு, ஐந்து நாள் கழித்து எண்ணுங்கள். நல்ல மண்ணில் ஒன்பது முளைத்து, மற்றதில் நாலே முளைத்தால் ஏதோ தடை உண்டென்பது உறுதி. பின்னர் கிணற்று நீரை விட்டு மறுமுறை செய்தால், குற்றம் மண்ணிலா நீரிலா என்பதும் விளங்கும். ரசாயன உரங்கள் பலவும் உப்புகளே. ஆகவே உப்பு மண்ணில் உரத்தைக் கூட்டுவது புண்ணில் உப்பிடுவதற்கு ஒப்பாகும். நீர் வடியும் மணற்பாங்கான மண்ணாயின், ஐப்பசி கார்த்திகை மழையைத் தோட்டத்திலேயே தேக்கி, உப்பை அடியில் கழுவி இறக்குங்கள்.

இலை கூறும் சாட்சி

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுவதும் மஞ்சளித்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. எருவோ அளவான யூரியாவோ உதவும். நுனித் தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைவு. இதற்கு யூரியா மருந்தன்று. கடுக்காயுடன் சேர்த்துக் கருஞ்சாயம் ஏற்ற உதவும் அன்னபேதியே மருந்து. ஒரு லிட்டர் நீரில் ஐந்து கிராம் அன்னபேதியும் சிறிது எலுமிச்சைச் சாறும் கரைத்து, மாலையில் தளிர்கள் மீது தெளியுங்கள். பத்து நாள் இடைவிட்டு இரண்டு மூன்று முறை செய்க. இது தற்காலிக உதவியே. காரையை அகற்றிச் செம்மண்ணும் எருவும் நிரப்புவதே நிரந்தரப் பரிகாரம். அடுப்புச் சாம்பலும் காரத்தன்மை உடையது. சுண்ணாம்பு மண்ணில் அதைக் கொட்டலாகாது.

ஆய்வுக்கூடமும் சங்கமும்

தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவை வீட்டுச் சோதனை கூறாது. அதற்கு மண் பரிசோதனை நிலையத்தையே நாடவேண்டும். தோட்டத்தில் ஏழெட்டு இடங்களில், எருக்குவியலையும் வரப்பையும் தவிர்த்து, ஆறு அங்குல ஆழத்திற்கு ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல் வெட்டி, பக்கச் சீவலை எடுங்கள். ஒன்றாகக் கலந்து, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக் கழித்து அரை கிலோ ஆக்கி, நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். முடிவில் கரிமச்சத்து நூற்றுக்கு அரைக்கும் குறைவாயின் எருவே முதல் தேவை.

2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன வயல்களில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி எடுப்பது முறையாக வகுக்கப்பட்டது. நம் கொல்லைத் தோட்டங்கள் அத்தகைய கணக்கில் அடங்குபவையல்ல. நம் மண்ணை நாமே விசாரித்தாக வேண்டும். ஒரு தெருவைச் சேர்ந்த அங்கத்தினர் பத்துப் பேர் சேர்ந்தால் பி.எச். தாள் ஒரு கட்டு போதும். அன்னபேதி ஒரு கிலோ போதும். மாதிரிகளை எடுத்துச் செல்ல ஒருவர் போதும். அவரவர் கண்ட முடிவைச் சங்கத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், எந்தத் தெருவில் சுண்ணாம்பு, எந்தக் கிணற்றில் உப்பு என்பது அடுத்த ஆண்டு புதிதாகச் செடி வைப்பவருக்கும் தெரியும்.

இம்மாதமே ஒரு புட்டியும், ஓர் எலுமிச்சம்பழமும், இருபது பயறும் எடுத்துத் தொடங்குங்கள். உரக்கடைக்குப் பிறகு போகலாம்.