பற்றரிக்குள் ஓடும் வாய்க்கால்

தேற்றாத்தீவிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பாவின் கைப்பேசிப் பற்றரி வயிறு ஊதிவிட்டதாம்; உடைக்காமல் உள்ளே நடப்பதைப் பார்க்க வழியுண்டா என்று கேட்கிறார். நல்லவேளை, கத்தியைத் தேடவில்லை. கலங்கல் தண்ணீரென்றால் தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளிய வைக்கலாம். பற்றரிக்கு அப்படியொரு கொட்டை இல்லை, காந்தமானி இருக்கிறது.

மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பது 1820இல் ஏர்ஸ்டெட் கண்ட சங்கதி. பற்றரியின் இரசாயனத் தாக்கத்தோடும் மின்னோட்டம் உண்டு. அலுமினிய உறை அதன் காந்தத்தை மறைக்காது. தொல்லை பூமியால் வருகிறது. எங்கள் பக்கம் அதன் புலம் சுமார் 40 மைக்ரோதெஸ்லா. நாம் தேடுவதோ அதில் ஆயிரத்திலொரு பங்கைவிடவும் மிகச் சிறியது. கோயில் திருவிழா ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று குசுகுசுப்பைக் கேட்கிற வேலை.

கேட்கிறார்கள். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் மிக மெல்லிய காந்தத்தையும் உணரும் ஸ்குயிட் உணரிகளைத் தாங்களே செய்து, இதயத்தின் காந்தத்தையும் மூளையின் காந்தத்தையும் அளக்கிறார்கள். அதற்குத் திரவ ஹீலியத்தின் குளிர் வேண்டும், பூச்சியத்துக்குக் கீழே 269 பாகை செல்சியஸ். ருபீடியம் ஆவியில் லேசர் பாய்ச்சி அளக்கும் புதிய மானிகளுக்கு அந்தக் குளிர் தேவையில்லை.

என்னை மயக்கிய விசித்திரம் இதுதான். 2020இல் நியூயோர்க், மைன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லிதியம் பற்றரிகளை இப்படி அளந்தபோது, எதிர்பாராத மெல்லிய ஓட்டங்கள் உள்ளே எழுந்து அடங்குவதைக் கண்டார்கள். மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டியவர்களுக்கு இது புதுமையில்லை. மெசினை நிறுத்திய பிறகும் மேட்டுப் பாத்தியிலிருந்து பள்ளப் பாத்திக்குத் தண்ணீர் நகரும். சின்ன வயதில் அதைப் பார்த்துக்கொண்டிருந்து, மண்வெட்டியை மறந்து ஏச்சு வாங்கியிருக்கிறேன். பற்றரிக்குள்ளும் மின்னேற்றம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை.

நாமோ, தேய்ந்த பற்றரியை வாவிக்கரையில் வீசுகிறோம், குப்பையோடு போட்டுக் கொளுத்துகிறோம். செத்ததென்று நாம் நினைக்கும் பற்றரிக்குள்ளும் மின்சாரம் மிச்சமிருக்கும். வீசியது வாவியோடு நிற்பதுமில்லை; இறாலும் நண்டும் அந்த வாவியிலிருந்துதான் வீட்டுக்கு வருகின்றன.

மகள், ஊதிய பற்றரியை இனிச் சார்ஜ் போட வேண்டாம், குத்தவும் வேண்டாம். உள்ளே இருப்பது தீப்பற்றக்கூடிய வாயு. இன்னொன்று. திசைகாட்டிக்கென்று கைப்பேசிக்குள்ளேயே ஒரு காந்த உணரி உண்டு. பக்கத்துப் பற்றரியின் ஓட்டம் அதன் காதிலும் விழும். அதைக் கழித்துவிட்டுத்தான் வடக்கைக் காட்டவேண்டியிருக்கிறது.