வீட்டு வாடகையும் வைப்பு வட்டியும்

காணியும் வீடும் தேடி வைத்தலே குடும்பத்துக்கு உறுதி என்று எண்ணுதல் நம்மவர் இயல்பு. கல்லூரியை விட்டு நீங்கிக் கொழும்பிலே உத்தியோகமும் வாணிபமும் புரிந்த பழைய மாணவர் பலர், தம் சேமிப்பைக் கொண்டு வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவர். அது பிழையென்பது எம் கருத்தன்று. ஆயினும் வரியும் செலவும் போக எஞ்சுவது யாது எனக் கணக்கிட்டுப் பார்த்தவர் சிலரே. அக்கணக்கை ஈண்டு ஓர் உதாரணத்தாற் காட்டுவோம்.

3 கோடி ரூபா பெறுமதியான தொடர்மாடி வீடொன்று, வெறுமையாய்க் கிடக்கும் காலம் போக, ஆண்டுக்கு 14 இலட்சம் ரூபா வாடகை தருகின்றதெனக் கொள்வோம். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டப்படி, பழுது, தேய்வு முதலியவற்றுக்காக வாடகையில் 25 வீதம் கழிக்கப்படும். எஞ்சிய 10½ இலட்சம் ஏனைய வருமானத்தோடு சேர்த்து வரிக்குட்படும். 2025 ஏப்பிரல் 1 தொடக்கம் தனியாளுக்குரிய கழிவு 18 இலட்சம். அதற்கு மேற்பட்ட வருமானத்துக்கு வரி 6 வீதத்திலிருந்து படிப்படியாக 36 வீதம் வரை ஏறும். உச்சப் படியிலுள்ள ஒருவர் இவ்வாடகைக்கு 3,78,000 ரூபா வரி செலுத்துவர். பராமரிப்புக் கட்டணம், வர்ணம், குழாய்த் திருத்தம் ஆகியவற்றுக்கு 2,22,000 ரூபா செலவாயின், கையில் எஞ்சுவது 8 இலட்சமே. அஃதாவது முதலில் 2.67 வீதம்.

அதே தொகையை 8 வீத வட்டிக்கு நிலையான வைப்பிலிட்டால் 24 இலட்சம் கிடைக்கும். வங்கி முற்கூட்டிக் கழிக்கும் 10 வீதம் இறுதி வரியன்று. மேற்கூறிய அன்பர் ஈற்றில் 36 வீதமே இறுப்பர். எஞ்சுவது 15,36,000 ரூபா, அஃதாவது 5.12 வீதம். பங்குகளில் இட்டு 4 வீத பங்கிலாபம் பெற்றால், 15 வீத வரி போக 3.4 வீதம் மிஞ்சும். வட்டியும் பங்கிலாபமும் காலத்துக்குக் காலம் மாறுவன. வாசகர் அன்றன்றுள்ள வீதங்களை இட்டுப் பார்ப்பாராக.

ஆகவே, இவ்வன்பரின் வீடு வைப்புக்கு ஈடாக வேண்டின், அதன் விலை ஆண்டுதோறும் ஏறத்தாழ 2½ வீதம் உயர்தல் வேண்டும்.

இனி, வரிக்குரிய வேறு வருமானம் இல்லாத ஓய்வுபெற்ற ஆசிரியரொருவரை நோக்குவோம். வாடகை முழுவதும் கழிவுக்குள் அடங்குதலின் அவருக்கு வரியில்லை. செலவு போக 3.93 வீதம் கிட்டும். வைப்பு வட்டியிலோ 6 இலட்சத்துக்கு மாத்திரம் 36,000 ரூபா வரி, எஞ்சுவது 7.88 வீதம். அவர் வீடு வைப்புக்கு ஈடாவதற்கு ஏறத்தாழ 4 வீத விலையேற்றம் வேண்டும். வரி குறைந்தவருக்கே வீடு அதிக இழப்பைத் தருதல் நோக்கற்பாலது. மேலும், விலையேற்றம் மருந்துக்கும் அரிசிக்கும் உதவாது; வீட்டை விற்றாலன்றி அது கைக்கு வாராது. விற்றாலோ, 2018 ஏப்பிரல் தொடக்கம் மூலதன ஆதாய வரியும் உண்டு. கொழும்புப் பங்குச் சந்தையில் விற்கும் பங்குகளுக்கு அவ்வரி இல்லை.

நிற்க. வைப்புக்கும் ஒரு பெருங்குறை உண்டு. 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் 69.8 வீதம் உயர்ந்தது. முதல் தொகை குறையவில்லை. அதன் வாங்குந்திறனே தேய்ந்தது. அத்தகைய காலத்திலே கல்லும் மண்ணும் ஓரளவு காக்கும். ஆயின் வீடும் முற்றும் காவலன்று: 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும், 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டமும் பல வீடுகளை உடையாரின் கணக்கை ஒரே நாளில் மாற்றின என்பதை முதியோர் மறவார்.

ஆதலின், உழைக்கும் பருவத்தினர் வீட்டின் விலையேற்றத்துக்காகக் காத்திருக்கலாம். மாத வருவாயை நம்பி வாழ்வோர் தம் முதல் முழுவதையும் ஒரு வீட்டிற் புதைத்தல் தகாது. வாடகை எவ்வளவு என்று வினவுவதோடு அமையாது, எஞ்சுவது எவ்வளவு, அது எப்பொழுது கைக்கு வரும் என்றும் வினவுதல் நன்று.