மலைக்குப் போகலாம், வருகிறாயா?

பெங்களூரில் லிங்கராஜபுரம் என்று ஒரு பகுதி. அங்கே ஒரே தெருவில் தமிழ் கேட்கும். கன்னடம் கேட்கும். தெலுங்கும் கேட்கும். வாலிபர்கள் மொழி பார்த்துக் கூட்டுச் சேர்வதில்லை. ஞாயிறு விடியும் முன்பே மூன்று வண்டிகளில் ஆறு பேர் கிளம்பிவிடுவார்கள். எங்கே? நந்தி மலைக்கு! சுமார் 60 கிலோமீட்டர் தூரம். மலையின் உயரம் 1,478 மீட்டர்.

இருபது வயதில் இப்படிப் போகிறோம். நாற்பது வயதில் ஏன் போவதில்லை?

பம்பாயில் நடந்ததைக் கேளுங்கள். 1923-ஆம் ஆண்டு ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் புறப்பட்டார்கள். உலகத்தையே சுற்றி வர வேண்டும் என்று ஆசை. பாலைவனம், பனி, காடு எல்லாம் கடந்தார்கள். சுமார் 71,000 கிலோமீட்டர்! 1928-இல் பம்பாய்க்குத் திரும்பினார்கள். ஆனால் பயணத்தை முடித்தவர்கள் மூன்று பேர்தான். அடி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா என்பது அவர்கள் பெயர். மற்றவர்களில் ஒருவர் டெஹரானிலிருந்தே ஊர் திரும்பினார். இன்னொருவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். சேர்ந்து சைக்கிள் மிதித்தவர்களுக்கே வழி பிரிந்தது.

நமக்கும் அப்படித்தான். முப்பது வயதில் கல்யாணம், குழந்தை, வாடகை, இரவு வேலை. ஒருவர் ஓசூருக்குக் குடி போவார். ஒருவர் துபாய்க்குப் போவார். சண்டை எதுவும் இருக்காது. "அடுத்த வாரம் பார்க்கலாம்பா" என்பார்கள். அந்த வாரம் வராது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஆண்களில் பலர் எதிரே உட்கார்ந்து மனக்கவலையைச் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் நடந்துகொண்டே சொல்லிவிடுவார்கள். பார்வை பாதையில் இருக்கும், வாய் பேசும். நடை நின்றால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். கடன், வேலை போகும் பயம், வீட்டுச் சண்டை எல்லாம் மனதுக்குள்ளேயே தங்கும். பிறகு சிலருக்கு மதுக்கடைதான் துணை.

வருடத்துக்கு ஒரு நாளாவது குறித்து வையுங்கள். பொங்கல் முடிந்த ஞாயிறு என்று வைக்கலாம். மாதம் ஆளுக்கு 100 ரூபாய் சேர்த்தால் செலவுக்கு ஆகும். வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள். உங்களுக்கு ஒரு ஞாயிறு என்றால் மனைவிக்கும் ஒரு ஞாயிறு வேண்டும். அன்று குழந்தைகளை நீங்கள் பாருங்கள்!

கூட்டமாகப் போனால் துணிச்சல் கூடும். அதுவே ஆபத்தும் ஆகும். மாகடி பக்கம் சாவனதுர்கா மலை இருக்கிறது. முழுக்க வழுக்குப் பாறை. மழை பெய்தால் கால் நிற்காது. "பயமா?" என்று நண்பனைக் கேலி செய்து ஏற்றக் கூடாது. ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் இறங்குங்கள்.

இறங்குவதில் அவமானம் இல்லை. டென்சிங்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1952-இல் அவரும் சுவிட்சர்லாந்து நாட்டு லாம்பர்ட்டும் எவரெஸ்டில் ஏறினார்கள். இருவருக்கும் பொது மொழி கிடையாது. சைகையிலும் சிரிப்பிலும் பழகினார்கள். சுமார் 8,600 மீட்டர் வரை போனார்கள். உச்சிக்கு இன்னும் 250 மீட்டர்தான். உடம்பு முடியவில்லை. திரும்பிவிட்டார்கள். மறு ஆண்டு மே 29 அன்று டென்சிங் ஹில்லாரியுடன் உச்சியை அடைந்தார். அப்போது அவர் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி இருந்தது. அது லாம்பர்ட் கொடுத்தது. அன்று டென்சிங்குக்கு வயது 39.

நாற்பதைத் தாண்டியவர்கள் மலையேறும் முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறும்போது நெஞ்சு வலித்தாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ உடனே உட்கார வேண்டும். 108-க்குப் போன் செய்ய வேண்டும். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டு நடக்கக் கூடாது.

அறுபது வயதில் முழங்கால் வலிக்கும். பரவாயில்லை. நந்தி மலை உச்சி வரை தார்ச்சாலை உண்டு. பெங்களூர் மெஜஸ்டிக்கிலிருந்து பேருந்தும் போகிறது. கிளம்பும் முன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். முடிந்தவர் படியேறி வரட்டும். முடியாதவர் பேருந்தில் முன்னே போய், மேலே இடம் பிடித்து வைக்கட்டும்.