சிலோன்காரர் வீட்டுப் பெண்

என் அப்பா பிறந்தது இலங்கையில், அட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். அங்கே இருந்தவரை அவர் ‘இந்தியாக்காரன்’. எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கோத்தகிரியில் அரசாங்கத்தின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த அன்றே ‘சிலோன்காரன்’ ஆகிவிட்டார். இலங்கையைக் கண்ணால்கூடப் பார்க்காத நானும் பள்ளிக்கூடத்தில் சிலோன்காரிதான்.

‘நான் யார்’ என்பது அவரவர் மனசுக்குள்ளே முளைத்து வளர்வது என்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைச் சுற்றியிருப்பவர்களும் சர்க்காரும் எழுதுகிறார்கள். தோட்ட வேலைக்கென்று வெள்ளைக்காரன் கூட்டிப்போன எங்கள் ஜனங்களின் குடியுரிமையை இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். லயத்தில் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆட்களைக் கூட்டங்களாகப் பிரிக்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம் என்று காட்டியவர் உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஜெர்மானியர்களிடம் பிடிபட்டபோது, போலந்துக்காரர் என்பதை மறைத்துப் பிரெஞ்சுக்காரராகவே இருந்து உயிர் தப்பினார். பிறகு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களைக் கூட்டி, உனக்கு இந்த ஓவியர் பிடிக்கிறது, அவனுக்கு அந்த ஓவியர் பிடிக்கிறது என்று பெயருக்கு ஒரு காரணம் சொல்லி, சீட்டுக் குலுக்கிப் போட்டமாதிரி இரண்டாகப் பிரித்தார். அதற்கே பையன்கள் தங்கள் பக்கத்துக்குக் கூடுதல் பணம் ஒதுக்கினார்கள், எதிர்ப்பக்கம் யார் என்று தெரியாமலே.

கூட்டத்துக்கு மட்டமான பெயர் விழுந்துவிட்டால் என்ன செய்வது? நழுவிவிடலாம், இல்லை, அந்தப் பெயரையே தூக்கிப்பிடிக்கலாம். தாஜ்ஃபெல் சொன்ன இந்த இரண்டும் எங்கள் வீட்டிலேயே நடந்தன. சித்தப்பா திருப்பூருக்குப் போனதும் சேலத்துக்காரர் ஆகிவிட்டார். பேச்சில் தோட்டத்து வாடை வராமல் பார்த்துக்கொள்வார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். வாடகைக்கு வீடு கிடைக்க வேண்டுமே.

அம்மாவின் கதை வேறு. தேங்காய் ரொட்டியும், காய்ந்த மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் அம்மியில் தட்டி எலுமிச்சை பிழிந்த கட்டச் சம்பலும்தான் எங்கள் காலைச் சாப்பாடு. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அதைக் கொடுத்துவிடமாட்டார். “கேலி பண்ணுவாளுக, இட்லி கொண்டு போ.” அதே அம்மா அண்ணன் கல்யாணத்தில் பந்தியில் ரொட்டியும் சம்பலும் வைத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பெண் வீட்டார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியதில் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அக்கரையிலும் இதே கதைதான். கணக்கெடுப்பில் ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதிக்கொண்டவர்கள் உண்டு. ‘மலையகத் தமிழர்’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. 2023இல், தோட்ட வேலைக்கு ஜனங்கள் வந்த இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனார்கள். 2024 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் ‘இந்தியத் தமிழர்’ என்பதோடு ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் ஏறியிருக்கிறது. அரசாங்கம் கொடுத்த பெயருக்குப் பக்கத்தில் ஜனங்கள் வைத்துக்கொண்ட பெயர், சின்ன விஷயமில்லை.

விவரம் தெரிந்த வயதில் கப்பலேறியவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. கோத்தகிரி, கூடலூர் பக்கம் சுற்றுலா வருகிறவர்கள் தேயிலைச் செடியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல் இவர்களோடு கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். ‘உங்களுக்குச் சொந்த ஊர் எது?’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.