பெண் குழந்தைக்கு சீக்கிரமே மார்பு வளர்ந்தால்: ஹார்மோன் டெஸ்ட் எப்போது தேவை?

நம் கூட்டங்களில் டீ குடிக்கும் நேரத்தில் தாய்மார்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது: "பிள்ளைக்கு ஒண்ணரை வயசுதான் சார், மாரு வீங்கியிருக்கு. பிராய்லர் கோழி குடுத்ததாலயா?"

முதலில் கோழிக் கணக்கை முடித்துவிடுவோம். பிராய்லர் வேகமாக வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும்தான். ஆயிரக்கணக்கான கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டால் கட்டுப்படியே ஆகாது. ஆன்டிபயாடிக் பிரச்சினை உண்டு. அது வேறு கணக்கு.

பிறந்த குழந்தைக்கு மார்பு வீங்குவது தாயின் ஹார்மோனால். தானாக வடிந்துவிடும். "பால் கட்டியிருக்கு" என்று பாட்டிமார் பிதுக்குவதுதான் ஆபத்து, சீழ் பிடித்துவிடும்.

2 வயதுக்குள் மார்பு மட்டும் லேசாக வளர்ந்தால், பெரும்பாலும் தீங்கில்லாதது. அந்த வயதில் பெண் குழந்தையின் உடம்பில் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன்கள் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதனால் அவசரப்பட்டு லேபில் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வங்கியில் நாங்கள் ஒருநாள் இருப்பைப் பார்த்துக் கடன் கொடுத்ததில்லை. பல மாத வரவு செலவைப் பார்ப்போம். இதுவும் அப்படித்தான். டாக்டர் சில மாதங்களுக்கு ஒருமுறை உயரமும் எடையும் குறித்து வருவார்.

எப்போது தாமதிக்கக் கூடாது? 3 வயதுக்கு மேல், 8 வயதுக்குள் மார்பு வளர ஆரம்பித்தால். எந்த வயதானாலும் வேகமாகப் பெரிதானால். திடீரென உயரம் கூடினால். அந்தரங்க முடி, ரத்தக்கசிவு, ஓயாத தலைவலி, பார்வைக் குறை இருந்தால். தென்காசி அரசு மருத்துவமனையிலோ பாளை ஹைகிரவுண்டிலோ குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்.

அங்கே இடது கை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். காலையில் ரத்தம் எடுத்து எல்.எச்., எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ரடையால், தைராய்டு பார்ப்பார்கள். வயிற்று ஸ்கேனில் கர்ப்பப்பையும் சினைப்பையும் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் ஓர் ஊசி போட்டு, இடைவெளி விட்டு ரத்தம் எடுத்து, எல்.எச். எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பார்கள். நன்றாக ஏறினால் மூளையிலிருந்தே பருவமடைதல் தொடங்கிவிட்டது என்று பொருள்; எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். இதை விட்டுவிட்டால் எலும்பு சீக்கிரம் முற்றி, பிள்ளை குள்ளமாகவே நின்றுவிடும். மாதம் ஒன்றோ 3 மாதத்துக்கு ஒன்றோ போடும் ஊசியால் இதை நிறுத்தி வைக்கலாம்.

பூச்சிமருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? கேரளத்தில் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் 20 ஆண்டுகளுக்கு மேல் எண்டோசல்பானை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். அங்கே ஆண் பிள்ளைகள் பருவமடைவது தாமதமானதை ஆமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2003-இல் சொன்னது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. ஆக, விஷம் ஹார்மோனைக் குலைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த ஆய்வு சொன்னது ஆண் பிள்ளைகளின் தாமதத்தை. அதை வைத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் விஷம்தான் காரணம் என்று நாம் முடிவு கட்டக் கூடாது.

செய்யக்கூடியது இவ்வளவுதான்: மருந்து டப்பாவை வீட்டுக்குள் வைக்காதீர்கள். பெரியவர்கள் பூசும் ஹார்மோன் கிரீம் பிள்ளை மேல் படவிடாதீர்கள். "இயற்கையா சாப்பிட்டா சரியாயிரும்" என்று சொல்லி டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். நல்ல சாப்பாடு நம் வேலை. நோயைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.