ஷிஃபு... மீட்டர் போடுங்க!

சென்னையில் மீட்டர் போடச் சொல்லி ஆட்டோக்காரரிடம் மல்லுக்கட்டிப் பழகியவரா நீங்கள்? அப்படியானால் சீனாவில் டாக்ஸி பிடிக்க உங்களுக்குப் பாதி தகுதி வந்தாச்சு. மீதி, பத்தே பத்து வார்த்தை!

குவாங்சோ நகரில் 1957 முதல் நடக்கும் வர்த்தகப் பொருட்காட்சிக்கு, திருப்பூர் நண்பருக்குக் கணக்குப் பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன். 'கான்டன் ஃபேர்' என்று நாம் சொல்வதை டிரைவர்கள் 'குவாங்ஜியாவ்ஹுய்' என்றால்தான் புரிந்துகொள்கிறார்கள். ஹில்டன் ஹோட்டல்கூட அங்கே 'ஷி-அர்-துன்'! எனவே ஹோட்டலின் சீன எழுத்து விசிட்டிங் கார்டு எப்போதும் பாக்கெட்டில் இருக்கட்டும்.

முதலில் மரியாதை. டிரைவரை 'ஷிஃபு' என்று கூப்பிட வேண்டும். தொழில் தெரிந்த ஆசான் என்று அர்த்தம். நம்மூர் 'அண்ணே' மாதிரி!

'வொ யாவ் ச்சூ' என்றால் 'நான் போகணும்'. பின்னால் இடத்தின் பெயர். ஏர்போர்ட்டுக்கு 'ஜீச்சாங்'. ஆனால் ஷாங்காயில் ஜீச்சாங் ரெண்டு... புதோங், ஹோங்ச்சியாவ். பெயரைச் சொல்லாவிட்டால் டாக்ஸி ஒரு பக்கம், ஃபிளைட் ஒரு பக்கம்!

'ட்ஸுவோ குவாய்' இடது. 'யோ குவாய்' வலது. 'திங்' நிறுத்து.

ராகத்தில்தான் ஆபத்து. 'ச்சிங் வென்' என்பதில் 'வென்'னைச் சட்டென்று கீழே இறக்கினால், 'கொஞ்சம் கேட்கலாமா?' அதையே தாழ்த்தி ஏற்றினால், 'தயவுசெய்து முத்தம் கொடுங்கள்!' டிரைவர் மீசைக்காரராக இருந்தால் யோசித்துப் பேசவும்.

ஏர்போர்ட் வாசலில் வலிய வந்து கூப்பிடுகிறவர்கள் 'ஹெய் ச்சே' ஆசாமிகள். லைசென்ஸ் இல்லாத கறுப்பு வண்டி. ஒதுங்கி, முறையான டாக்ஸி க்யூவில் நில்லுங்கள்.

ஏறியதும் 'தா பியாவ்', மீட்டர் போடுங்க. இறங்கும்போது 'ஃபா பியாவ்', ரசீது கொடுங்க. அதில் வண்டி நம்பரும் நேரமும் அச்சாகியிருக்கும். பையை மறந்துவிட்டால் அந்தத் துண்டுச் சீட்டுதான் தெய்வம். ஆபீஸில் வவுச்சர் போடவும் ஆகும்!

"செல்போனில் 'தீதி' இருக்கே, பாஷை எதுக்கு?" என்கிறீர்களா? 2012-ல் வந்த அந்த ஆப்பில் வண்டி வரும். ஏறியதும், உங்கள் போன் நம்பரின் கடைசி 4 எண்களை டிரைவர் கேட்பார். 4 என்பது 'ஸ்', 10 என்பது 'ஷ்'. விரல் விட்டுக் காட்டுவது உத்தமம்.

'மேலே போட்டுக் கொடு சார்' என்பதற்குச் சீனத்தில் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். டிரைவருக்கு டிப்ஸ் தருகிற வழக்கமே அங்கே கிடையாது!